கிண் என்றதா, கொர் என்றதா? பழங்காசு தேடுகையில் டிடெக்டர் தரும் சிக்னல்களைப் பிரித்தறிய

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் பக்கத்து வயல்களில் பழங்காசு தேடி மெட்டல் டிடெக்டரோடு நடக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் தோண்டியதில் முக்கால்வாசி ஆணி. மீதி ஈயத்துண்டு, துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, குளிர்பான டப்பாவின் கிழிசல். காசு ஒன்பது கிடைத்தது. நாலில் எலிசபெத் ராணி தலை இருந்தது. முதலாமவர் இல்லை, இரண்டாமவர்.

கருவியில் கோளாறு இல்லை. அது சொன்னது எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கீழே உள்ளவற்றை அந்த வரிசையிலேயே படிக்க வேண்டியதில்லை. வயலில் உங்கள் கருவி என்ன செய்கிறதோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள். நான் சொல்லும், திரையில் தெரியும் எண்கள் என் கருவியான மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-க்கு உரியவை. அதில் 0-வும் அதற்குக் கீழே -9 வரையும் இரும்பு, 1 முதல் 40 வரை மற்ற உலோகங்கள். வேறு கருவியில் எண் மாறும், நடத்தை மாறாது.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் வரும் எண் உலோகத்தின் பெயர் அல்ல. தண்டின் அடியில், தரையை ஒட்டி நாம் வீசும் தட்டுதான் சுருள். அது அனுப்பும் மாறும் காந்தப்புலம் மண்ணிலுள்ள பொருளில் சிறு சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அந்த மின்னோட்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. தடித்த செம்பில் நீண்ட நேரம் நிற்கும், எண் உயரும். மெல்லிய தகட்டில் சட்டென அடங்கும், எண் தாழும், அது சுத்த வெள்ளியாகவே இருந்தாலும். 1797-இல் வந்த, ஒரு அவுன்ஸ் எடையுள்ள ஜார்ஜ் மன்னர் காலத்து செம்புப் பென்னி முப்பதைத் தாண்டிக் கணீரென்று ஒலிக்கும். முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னி, எடை சுமார் 1.4 கிராம், பதினைந்து பதினாறில் முனகும். வெள்ளி என்றால் பெரிய எண் என்று காத்திருந்தவன் நான். எத்தனை எட்வர்டுகளைத் தாண்டி நடந்தேனோ.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே நிலக்காரரின் அனுமதி இருந்தால், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக இல்லாதவரை, இது சட்டப்படி சரி. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வரும்போது டிடெக்டரை எடுத்து வரலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தரையில் வைக்கும் முன்பே கத்துகிறது

சுருளை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். அப்போதும் படபடத்தால் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காற்றில் வரும் மின் இரைச்சல் அது. முதலில் சட்டைப் பையிலுள்ள போன். அப்புறம் தலைக்கு மேல் போகும் மின்கம்பி, பக்கத்தில் நடக்கும் நண்பரின் டிடெக்டர். இரண்டு கருவிகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து அடியாவது வேண்டும். 'டிக்... டிக்... டிக்' என்று கடிகாரம் போல ஒரே தாளத்தில் வந்தால் மாட்டுக்குப் போட்ட மின்வேலி. திரும்பிப் பாருங்கள், எங்கேயாவது இருக்கும்.

சுருளை அசைக்காமல் வைத்து இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்துங்கள், கருவி தானே அமைதியான அலைவரிசையைத் தேடிக்கொள்ளும். போதாவிட்டால் சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் நுண்ணுணர்வை, இரண்டு இரண்டாகக் குறையுங்கள். ஓயாமல் கத்தும் 24-ஐ விட அமைதியான 18 ஆழமாகத் தேடும், ஏனென்றால் ஆழத்துக் காசின் முனகல் உங்கள் காதில் விழும்.

காற்றில் அமைதி, தரையருகே படபடப்பு

மண்ணிலுள்ள இரும்புத்தாதுக்கள் பேசுகின்றன. உலோகம் இல்லாத ஒரு சாண் இடம் பார்த்து, சுருளை மேலும் கீழும் ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் குரலைக் கருவி கழித்துக்கொள்ளப் பழக்குங்கள். வயல் மாறினால் திரும்பச் செய்யுங்கள், மழை பெய்து ஈரம் மாறினாலும்தான்.

அது சரியாக இருந்தும் சத்தம் வந்தால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை சில. சுருளின் பிளாஸ்டிக் திருகு தளர்ந்திருக்கிறதா? கம்பி தண்டோடு இறுகச் சுற்றப்படாமல் ஆடுகிறதா? சுருளின் அடி உறைக்குள் மண் புகுந்திருக்கிறதா? அறுத்த கோதுமைத் தாள்களில் சுருள் மோதும் ஒவ்வொரு முறையும் பொய்ச் சத்தம் வருகிறதா? ஒரு ஜனவரி முழுக்க என் இடது பக்கத்தில் மட்டும் காசு இருப்பதாக டிடெக்டர் சாதித்தது. கடைசியில் பார்த்தால் நான் போட்டிருந்தது இரும்பு முனை வைத்த பூட்ஸ்.

ஒரு பக்கம் காசு, திருப்பினால் இரும்பு

எல்லோரையும் அழவைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். இடமிருந்து வலமாக வீசும்போது கிண் என்று 30. வலமிருந்து இடமாக வீசும்போது இரும்பின் ஒலியான கொர். அல்லது வடக்கு தெற்காக அருமையான ஒலி, கிழக்கு மேற்காக ஒன்றுமே இல்லை.

பெரும்பாலும் வளைந்த ஆணி. இரும்பு காந்தத்துக்கு இணங்குவதால்தான் கருவி அதை இரும்பென்று கண்டுகொள்கிறது. ஆனால் மின்னோட்டம் சுற்றிவர வழியிருந்தால், அதாவது வாஷர், வளையம், லாடம், தட்டையான கலப்பைத் துண்டு என்றால், நல்ல உலோகத்தைப் போலவும் அது பேசும். இரண்டு குரலும் ஒரே பொருளிலிருந்து வருவதால் காது ஏமாறுகிறது.

சோதிப்பது இப்படி. சிக்னலின் மேல் சுருளை வைத்துக்கொண்டு நீங்கள் அதைச் சுற்றி நடங்கள். முழு வட்டமும் வேண்டாம், கால் வட்டம் போதும். காசு எந்தப் பக்கமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே எண்ணையும் ஒரே அகலமுள்ள ஒலியையும் தரும். ஆணி ஒரு திசையில் பாடி, மறு திசையில் கொரகொரக்கும். அடுத்து, இரும்பு ஒதுக்கலை நீக்கிக் கேளுங்கள். ஈக்வினாக்ஸில் குதிரை லாடப் படம் போட்ட பொத்தான் அது. உயர்ந்த ஒலியை ஒட்டியே கொர் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக இடம். சாதாரண தேடலில் ஒலி மிகக் கூர்மையாகக் கேட்ட புள்ளியைக் குறித்துக்கொண்டு, பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாய்ன்ட் முறையில் மறுபடி தேடுங்கள். காசு என்றால் இரண்டும் ஒரே புள்ளி. ஆணி என்றால் உச்ச ஒலி பெரும்பாலும் அதன் ஒரு முனைக்கு வெளியே, நாலு விரல் தள்ளி நிற்கும். எண் 36, 38, 40 என்று உச்சியிலேயே ஆடினால் என் சந்தேகம் இன்னும் கூடும். அவ்வளவு பெரிய எண் தரும் பழங்காசு மிகக் குறைவு.

சரி, அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் பாடுவதையெல்லாம் விட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் இதையேதான் செய்யும். பழைய வீடுகள் இருந்த இடத்தில் ஆணியும் காசும் சேர்ந்துதான் கிடக்கும், வீடு என்றால் அப்படித்தானே. அதனால் இப்படி ஒரு இடத்தில் சுருளைச் சிறுசிறு அசைவாக, ஒரு கை அகலத்துக்குள் வேகமாக ஆட்டுங்கள். உயர் ஒலி ஒரே புள்ளியில் ஒட்டிக்கொண்டு, கொர் பக்கத்தில் தனியாக நின்றால் தோண்டுங்கள். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் ஆணி. கருவியில் இரும்புச் சாய்வு என்ற அமைப்பு இருந்தால் அதைக் கூட்டினால் ஆணிகளின் பொய்க்குரல் குறையும், ஆனால் ஆணிக்கு அருகிலுள்ள காசும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். நான் ஆணி தோண்டத் தயாராகி, அதைத் தாழ்வாகவே வைக்கிறேன். முழங்கால் வலிக்கிறவர்கள் கூட்டி வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை.

எண் ஓரிடத்தில் நிற்காமல் தாவுகிறது

எவ்வளவு தாவுகிறது என்று பாருங்கள். 14, 15, 16 என்று பக்கத்துப் பக்கத்தில் ஆடினால் அது தாவல் இல்லை, ஆழம். மண் நடுவில் இருப்பதால் கருவி குழம்புகிறது. 4, 21, 11, 27 என்று காட்டுத்தனமாகத் தாவினால் அறுவடை இயந்திரம் மென்று துப்பிய அலுமினிய டப்பா. ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு எண் சொல்லும். 1, 2, 3 என்று ஒரு பக்கமாகத் தெறித்து, வயல் முழுக்க அதே தொந்தரவு இருந்தால் கோக் கரி. அந்தக் காலத்தில் நகரத்துக் கழிவையும் சாம்பலையும் கொண்டுவந்து வயலில் கொட்டினார்கள், நீராவி எந்திரங்களும் தம் பங்குக்கு விட்டுப்போயின. கல் மாதிரி இருக்கும், கையிலெடுத்தால் எடையே இருக்காது.

ஆனால் கலங்கலான சிக்னலைக் கலங்கல் என்பதற்காகவே விடாதீர்கள். 2010 ஏப்ரலில் சாமர்செட்டின் ஃப்ரூம் அருகே டேவ் கிறிஸ்ப் என்பவருக்குக் கிடைத்ததும் இப்படி விசித்திரமான, தெளிவில்லாத ஒரு சிக்னல்தான். தோண்டினார், களிமண்ணும் ஒரு குட்டி ரோமானியக் காசும் வந்தன. கீழே ஒரு பானை, அதற்குள் 52,503 காசுகள். ஒரு தனிக்காசுக்கு உரிய சுத்தமான கிண் அந்தக் குவியலிடமிருந்து எப்படி வரும்?

செங்குத்தாக நிற்கும் காசும் எண்ணைக் கலைக்கும். மேலிருந்து பார்க்க அது வெறும் கோடு. ஒரு திசையில் வீசினால் மெல்லிய ஒலி, மறு திசையில் இரட்டை ஒலி. மேற்பரப்பை ஒட்டியே கிடக்கும் எதுவும்கூட இரட்டையாக ஒலிக்கலாம், அதனால் முதலில் சுருளை ஒரு சாண் தூக்கிக் கேளுங்கள். இரட்டை ஒற்றையானால் பொருள் மேலாக இருக்கிறது.

சின்ன எண், மெல்லிய ஒலி, ஆனால் சுத்தம்

என் முதல் வருடத்து நஷ்டமெல்லாம் இங்கேதான். பத்துக்குக் கீழே வருவதெல்லாம் சாக்லேட் தாள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள், நானும் அந்த எண்களை அடைத்துவைத்தேன். கூடவே எதை அடைத்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

இடைக்கால இங்கிலாந்தில் சில்லறை வேண்டுமென்றால் வெள்ளிப் பென்னியையே வெட்டினார்கள். பாதியாக வெட்டினால் அரைப் பென்னி, கால்வாசியாக வெட்டினால் ஃபார்திங். 1247-க்குப் பின் வந்த பென்னியில் சிலுவை விளிம்புவரை நீண்டிருக்கும், வெட்டுவதற்கு அதுவே கோடு. முதலாம் எட்வர்ட் 1279-80 வாக்கில் வட்டமான அரைப் பென்னியையும் ஃபார்திங்கையும் அச்சிட்ட பிறகுதான் வெட்டும் பழக்கம் ஒழிந்தது. அந்த வெட்டுத்துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான். என் கருவியில் 5 முதல் 9-க்குள் வருகிறது. சாக்லேட் தாளும் அங்கேயே வருகிறது.

எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒலியை வைத்துக் கொஞ்சம் முடியும். கசங்கிய தாள் கரகரப்பாக, ஓரங்கள் கிழிந்தது போல ஒலிக்கும். வெட்டிய வெள்ளி, எவ்வளவு மெலிதாக ஒலித்தாலும் வட்டமாக, தொடக்கமும் முடிவும் உள்ள ஒலி. வீசும் வேகத்தைப் பாதியாக்கி மூன்று முறை கேளுங்கள். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் தோண்டுங்கள். எனக்கு இதில் பத்துக்கு ஏழு தாள்தான் வருகிறது. மற்ற மூன்றுக்காகத்தான் ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கியில் கேட்டால் காற்றிலேயே போய்விடும்.

இந்த எண் வரிசையில் இன்னொரு நெரிசல் 12 முதல் 20 வரை. ஈயக்குண்டு, பொத்தான், ரோமானியரின் தேய்ந்த சிறு வெண்கலக் காசு, முழு வெள்ளிப் பென்னி எல்லாம் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. தோட்டாவின் பித்தளை அடி கொஞ்சம் மேலே. இங்கே குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது, தோண்டுவதுதான்.

செம்பு போலவும் இரும்பு போலவும் ஒலிக்கும் காசு

இது பழங்காசே இல்லை. 1992 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் ஒரு பென்ஸ், இரண்டு பென்ஸ் காசுகள் எஃகின்மேல் செம்பு பூசியவை. வயலில் கொஞ்ச நாள் கிடந்தால் துருவேறி உப்பிவிடும், டிடெக்டரும் திணறும். நீங்கள் குழம்பியது நியாயம்தான்.

பெரிய சத்தம், அகலமான சத்தம்

சுருளைத் தூக்கிக்கொண்டே போங்கள். முழங்கால் உயரத்திலும் கத்தினால் டப்பா அல்லது கலப்பைத் துண்டு. காசின் ஒலி இரண்டு சாண் தூக்கும் முன்பே செத்துவிடும்.

அருமையான சிக்னல், குழிக்குள் ஒன்றுமில்லை

முதலில் பதற்றத்தை விடுங்கள், குழியைப் பெரிதாக்காதீர்கள். சுருளைக் குழியின் மேல் வீசுங்கள், பிறகு வெளியே எடுத்துப்போட்ட மண்மேல் வீசுங்கள். பாதி முறை அது மண்கட்டிக்குள் ஒளிந்திருக்கும். இதனால்தான் மண்ணை நாலாபக்கமும் எறியாமல் ஒரே குவியலாக வைக்கச் சொல்வது.

குவியலில் இல்லை, குழியில் ஒலிக்கிறது என்றால் பெரும்பாலும் குழியின் சுவரில் இருக்கும். கைக்குள் அடங்கும் பின்பாய்ன்டர் குச்சியை அடியில் மட்டும் குத்தாமல் சுவரைச் சுற்றித் தடவுங்கள். மண்வெட்டியின் கூரான ஓரம் வெள்ளிக் காசில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் எட்வர்ட் முகத்தில் இன்றும் ஒரு கோடு இருக்கிறது. அன்றிலிருந்து ஒலி வந்த இடத்திலிருந்து ஒரு கை அகலம் தள்ளித்தான் மண்வெட்டி இறங்குகிறது.

எங்குமே ஒலிக்கவில்லையா? அப்படியானால் அது துருப்பிடித்த இரும்பாக இருந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் துரு சுற்றியுள்ள மண்ணில் ஊறிப் பெரிய பொருள் போல ஒலிக்கும். மண்ணைக் கலைத்ததும் அந்த உருவம் உடைந்துவிடும். தோண்டத் தோண்டக் கீழே போய்க்கொண்டே இருக்கும் சிக்னலும் அப்படித்தான், பெரிய இரும்பு. முழங்கை ஆழம் போயும் கிடைக்காவிட்டால் மூடிவிட்டு நடங்கள்.

மூன்று மணி நேரம், ஒரு சத்தமும் இல்லை

சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் புல்மேல் போட்டு வீசிப்பாருங்கள். ஒலித்தால் கருவி நலம், உங்கள் வீச்சுதான் பிரச்சினை. களைத்தவர்கள் ஊஞ்சல் போல வீசுவார்கள். நடுவில் தரையைத் தொடும், இரண்டு ஓரத்திலும் அரையடி உயரும். அந்த உயரம் அத்தனையும் ஆழத்திலிருந்து கழிகிறது. சுருள் தரைக்கு இணையாக, ஒரு விரற்கடை மேலே போகட்டும். இரும்பு நெருக்கமாக உள்ள இடத்தில் ரெக்கவரி வேகத்தை, அதாவது ஒரு ஒலி முடிந்து அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகத்தை, கூட்டி மெல்ல நடங்கள், சுத்தமான வயலில் குறைத்து வையுங்கள்.

காய்ந்து இறுகிய ஆகஸ்ட் மண்ணைவிட, மழையில் நன்றாக நனைந்து படிந்த மண்ணில் ஆழத்துக் காசு தெளிவாகக் கேட்கும். நேர்மாறாக, வயல் முழுக்க ஓயாத சில்லறைச் சத்தம் என்றால் குனிந்து மண்ணைப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணாடியும் தெரிந்தால் நகரத்துத் தோட்டக்கழிவை உரமாக்கிப் போட்டிருக்கிறார்கள், டப்பா மூடியும் கம்பியும் அதோடு அரைபட்டு வந்திருக்கும். எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது. வேறு வயல் பாருங்கள்.

காசை எடுத்த பிறகும் சிக்னல் நிற்கவில்லை

எடுத்த காசைத் தள்ளிவைத்துவிட்டுக் குழியை மறுபடி வீசுவதைப் பழக்கமாக்குங்கள். இன்னொன்று ஒலித்தால் எடுங்கள். அதற்கு அப்புறமும் ஒலி அகலமாகிக்கொண்டே போனால், பானை ஓடு தென்பட்டால், அல்லது பச்சை பூத்த காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால், மண்வெட்டியைக் கீழே வையுங்கள்.

எங்கள் சஃபோக்கிலேயே, ஹாக்ஸனில், 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிப் போய் ரோமானியப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார், தொல்லியலாளர்கள் வந்து மீதியை ஒழுங்காக எடுத்தார்கள். 14,865 காசுகள், கூடவே பொன் நகையும் வெள்ளிக் கரண்டிகளும். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஃப்ரூம் பானையை அடுக்கடுக்காக எடுத்ததால்தான் கடைசிக் காலத்துக் காசுகள் மேலே இல்லாமல் ஆழத்தில் கிடந்தது தெரிந்தது. அது நாள்தோறும் சேர்த்த உண்டியல் இல்லை, ஒரே சமயத்தில் நிரப்பியது. கையால் வாரியிருந்தால் அந்தக் கதை வாளியோடு போயிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேல் பழையதும் பத்து சதவீதமாவது பொன் அல்லது வெள்ளி கலந்ததுமான காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அது புதையல். அதற்கும் குறைவான கலப்பு என்றால் பத்து காசு. கிடைத்த 14 நாளுக்குள், புதையலை விசாரிக்கும் அதிகாரியான கொரனருக்குத் தகவல் போக வேண்டும். நடைமுறையில், இப்படிக் கிடைக்கும் பொருட்களைப் பதிவுசெய்யும் அந்த மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரைக் கூப்பிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அவர் சொல்வார்.

அவர் வரும்வரை எடுத்த மண்ணை மெதுவாகத் திரும்பப் போட்டு மூடுங்கள். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள், கொடி நட்டு வைக்காதீர்கள். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்ட வருகிறவர்கள் கொடியைத்தான் தேடுவார்கள். நிலக்காரருக்கு முதல் போன். வாட்ஸ்அப்பில் படம் போடுவதெல்லாம் கடைசி.